ஸ்மித்ஃபீல்டில் ஏவா கார்ட்னரின் குரல்

நியூயார்க்கிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் காரில் போகிறவர்கள் 95ஆம் நெடுஞ்சாலையில் ஸ்மித்ஃபீல்டை ஒட்டித்தான் போகிறார்கள். பெட்ரோல் போட இறங்குவார்கள், துணிக்கடைகளுக்குள் ஒரு சுற்று சுற்றுவார்கள், கிளம்பிவிடுவார்கள். நானும் அக்காவும் ஊருக்குள்ளேயே போனோம். அக்கா இருப்பது கேரியில், அங்கிருந்து பக்கம்தான். நியூஸ் ஆற்றங்கரையில், ஜான்ஸ்டன் மாவட்டத்தின் தலைநகர், அதன் பிரதான கடைவீதியான மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஏவா கார்ட்னர் அருங்காட்சியகம். வட கரோலினாவின் புகையிலைக் காட்டில் பிறந்து, ஹாலிவுட்டின் பேரழகி என்று பெயர் வாங்கி, லண்டனில் இறந்து, மறுபடி இதே மண்ணுக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் கிராப்டவுன் பக்கம் போய்விட்டு வந்தோம். ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சாலை, வயல், பைன் மரங்கள், நடுநடுவே சாய்ந்து நிற்கும் பழைய புகையிலைக் கொட்டகைகள். 1922 டிசம்பர் 24 அன்று, ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாக ஏவா பிறந்தது இங்கேதான். நாங்கள் போனது ஜூலை மாதம் என்பதால் புகையிலை ஆள் உயரத்துக்கு நின்றது. இந்தப் பக்கத்தில் செடியை மொத்தமாக வெட்டுவதில்லை. அடி இலை முதலில் பழுக்கும், அதைக் கிள்ளி எடுப்பார்கள், பிறகு அதற்கு மேல் இலை, அப்படியே நுனி வரைக்கும். வரப்போரம் நின்ற ஓர் இலையைத் தொட்டேன், விரலில் பிசின் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்கக் கறுத்ததே தவிர போகவில்லை. வெறுங்காலோடு இந்த வயல்களில் திரிந்த சிறுமி என்று பிற்காலத்தில் பத்திரிகைகள் ஏவாவைப் பற்றி அழகழகாக எழுதின. அந்தப் பிசினைத் தொட்ட பிறகு எனக்கு அதில் அழகைவிட உழைப்புதான் தெரிந்தது.

அப்பா ஜோனஸுக்கு விவசாயம் கைகொடுக்கவில்லை. அம்மா மாலி, பிராக்டன் பள்ளி ஆசிரியைகள் தங்கும் விடுதியில் சமையலும் வீட்டுவேலையும் பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். 1938இல் அப்பா போய்ச் சேர்ந்தார். பள்ளி முடித்த ஏவா, வில்சன் ஊர்க் கல்லூரியில் டைப்பிங், சுருக்கெழுத்து படித்தார். செக்ரட்டரி வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்.

எல்லாவற்றையும் மாற்றியது ஒரு போட்டோ. நியூயார்க்கில் இருந்த மூத்த அக்கா பாப்பி வீட்டுக்கு ஏவா போயிருந்தபோது, அக்கா கணவர் லாரி டார் எடுத்து, தன் ஸ்டுடியோ வாசல் கண்ணாடியில் வைத்த படம் அது. ஹாலிவுட் படக் கம்பெனி எம்ஜிஎம்மின் தாய் நிறுவனமான லோஸில் வேலை பார்த்த ஒரு பையன் அதைப் பார்த்து, பெண்ணின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தான். நம்பர் கிடைக்கவில்லை. ஆனால் எம்ஜிஎம் என்ற பேச்சு எழுந்துவிட்டதால் லாரியே படங்களை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார். 1941இல் வாரம் 50 டாலருக்கு ஒப்பந்தம். துணைக்குப் பாப்பியும் ரயிலேறினார். ஏவாவுக்கு அப்போது 18 வயது.

முகத்தைப் பார்த்து எடுத்தவர்களுக்கு அவர் பேச்சு ஆகவில்லை. தெற்கத்தி இழுப்பு, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் ஜான்ஸ்டன் மாவட்டப் பேச்சு. உடனே பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் துணுக்கு வேடங்கள். 1946இல் வேறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கப்பட்டு நடித்த 'தி கில்லர்ஸ்' படம்தான் அவரை நட்சத்திரமாக்கியது. அதில் பியானோ பக்கத்தில் நின்று பாடும் காட்சியில் கேட்பது அவருடைய சொந்தக் குரல்.

1951இல் 'ஷோ போட்' என்ற பாட்டுப் படம். ஜூலி வேடத்துக்காகப் பாடிப் பாடிப் பழகி, பாட்டுகளை அவரே ஒலிப்பதிவு செய்தார். படம் வெளிவந்தபோது அந்தக் குரலை எடுத்துவிட்டு அனெட் வாரனின் குரலை வைத்திருந்தார்கள். இசைத்தட்டில் மட்டும் ஏவாவின் பாட்டு தங்கியது. திரும்பும் வழியில் காரில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். அனெட் வாரன் அப்பழுக்கில்லாமல் பாடுகிறார், அதில் குறையே கிடையாது. ஏவா பாடும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்து, மூச்சு தெரிகிறது. அந்த ஜூலி நிறையப் பட்டவள் என்று கேட்டவுடன் புரிகிறது. "இதை ஏன்டி எடுத்தாங்க?" என்று அக்கா கோபமாகவே கேட்டாள். எனக்கும் அதே கோபம்தான், இன்னும் தீரவில்லை.

மூன்று கல்யாணங்களைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நடிகர் மிக்கி ரூனி, இசைக்கலைஞர் ஆர்ட்டி ஷா, பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா, மூன்றும் விவாகரத்து. நான் சொல்ல விரும்புவது வேறு. 1953இன் 'மொகாம்போ'வுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஹாலிவுட்டை விட்டு விலகி 1955இல் ஸ்பெயினில் குடியேறினார். அதே வருடம் லாகூரில் 'பவானி ஜங்ஷன்' படப்பிடிப்பு. பிரிட்டிஷார் கிளம்பும் காலத்து ரயில்வே ஊரில், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் தவிக்கும் ஆங்கிலோ இந்தியப் பெண் வேடம். கதை இந்தியாவில் நடந்தாலும் இந்திய அரசோடு ஒத்துவராததால் பாகிஸ்தானில் எடுத்தார்கள். என்னைக் கேட்டால் அவருக்கு மிகவும் பொருந்திய வேடங்களில் அது ஒன்று. எங்கே போனாலும் வெளியாளாக இருப்பதை அவர் நடித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அருங்காட்சியகம் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. வில்சன் கல்லூரியில் படித்தபோது ஏவா ஒரு 12 வயதுப் பையனின் கன்னத்தில் முத்தமிட்டார். டாம் பேங்க்ஸ் என்ற அந்தப் பையன் வளர்ந்து, வாழ்நாளெல்லாம் ஏவா சம்பந்தப்பட்டதையெல்லாம் சேர்த்தார். மனைவி லொரெய்னும் கூடச் சேர்ந்துகொண்டார். ஏவா சிறுமியாக வாழ்ந்த அந்த ஆசிரியை விடுதியையே வாங்கி அங்கே காட்சிக்கு வைத்தார்கள். 1989இல் டாம் இறந்தார், அடுத்த வருடம் ஏவாவும். சேகரிப்பை லொரெய்ன் ஸ்மித்ஃபீல்டு ஊருக்கே கொடுத்துவிட்டார், மார்க்கெட் ஸ்ட்ரீட் அருங்காட்சியகத்தில் இருப்பது அதுதான். உள்ளே படங்களில் உடுத்திய உடைகள், பல நாட்டு போஸ்டர்கள், ஹாலந்து ஓவியர் பெர்ட் ஃபைஃபர் ஆசை ஆசையாக வரைந்த ஓவியங்கள் எல்லாம் இருக்கின்றன. உடைகளின் இடுப்பளவைப் பார்த்து அக்கா அசந்துபோனாள். நான் ஓவியங்களிடம்தான் அதிக நேரம் நின்றேன்.

1990 ஜனவரி 25 அன்று லண்டனில் நிமோனியாவால் இறந்தபோது ஏவாவுக்கு வயது 67. ஸ்மித்ஃபீல்டின் சன்செட் மெமோரியல் பார்க்கில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். சினிமா பற்றிய ஆடம்பரம் எதுவும் இல்லாத குடும்பக் கல்லறை.

போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். புகையிலை வயலைப் பார்க்க வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்ட் நல்லது, வெயில் மட்டும் கடுமையாக இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு 'தி கில்லர்ஸ்' பார்த்துவிடுங்கள். அந்தப் பியானோ காட்சியில் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்து கேளுங்கள்.