தறி நின்றால் ஆட்டம்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

குமாரபாளையத்தில் கிரிக்கெட் அணி நடத்துகிறவருக்கு மட்டை பிடிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. எந்தத் தறியில் எப்போது பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீரும் என்று தெரிந்தால் போதும். எங்கள் கேப்டனுக்கு அது அத்துப்படி. பாவு பிணைப்பதுதான் அவர் தொழில். ஒரு தறியில் பாவு தீரும் நேரத்தில், பழைய பாவின் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அவர் வந்து முடித்துக் கொடுக்கும்வரை அந்தத் தறியை ஓட்டுகிறவருக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது. ஆட்டத்துக்கு வரலாம்.

ஆகவே சனிக்கிழமை மாலை அணித் தேர்வு இப்படித்தான் நடக்கிறது.

"உன் தறியில் பாவு எவ்வளவு கிடக்கிறது கண்ணு?"

"ராத்திரிக்குள் தீர்ந்துவிடும் அண்ணா."

"சரி, நீ மூன்றாவதாக இறங்கு."

ஞாயிறு பொதுவாக விடுமுறைதான். ஆனால் அவசர ஆர்டர் வந்துவிட்டால் தறிப் பட்டறைக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. எங்கள் வேகப்பந்து வீச்சாளர் இன்றும் வரவில்லை. பெரிய அணிகளில் காயத்தால் ஆள் விலகுவார்கள். எங்களிடம் புதுப் பாவு ஏறியதால் விலகுகிறார்கள்.

நான் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அணிக்கும் கணக்கு நான்தான். ஸ்கோர் நோட்டும் என் கையில்தான். சந்தாவைச் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு வசூலித்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் கேட்டால் சிரிப்புதான் கிடைக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பவானிக்காரர்களோடு எட்டு ஓவர் ஆட்டம். வற்றிய ஏரிதான் மைதானம். மேற்கே முழுக்கச் சீமைக் கருவேலம். அந்தப் பக்கம் பந்து போனால் நான்கு ரன். அடித்தவரே போய்த் தேடி எடுத்து வர வேண்டும். முள்ளுக்குப் பயந்து இங்கே யாரும் லெக் பக்கம் தூக்கி அடிப்பதில்லை. ஒழுங்காக நேரே அடிக்கக் கற்றுக்கொடுத்தது பயிற்சியாளர் அல்ல, கருவேல மரம்.

இன்று நடுவராக நின்றவர் தறியிலேயே தலை நரைத்தவர். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் எங்கள் பக்கம் எல்பிடபிள்யூ இல்லை. எனவே நடுவருக்கு இருக்கும் பெரிய சோதனை, பந்து மட்டையில் உரசியதா இல்லையா என்பதுதான். மாமாவுக்கோ விசைத்தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. பவானியின் விக்கெட் கீப்பர் கேட்ச் பிடித்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார். மாமா கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த ஒருவர் ஓடிவந்து கீப்பரிடம் சொன்னார்: "கத்தாதே தம்பி, அவர் எதிரே போய் விரலைக் காட்டு." காட்டினார். மாமா தலையசைத்துத் தானும் விரலைத் தூக்கிவிட்டார். அவுட்டானது எங்கள் ஆள். சொந்த ஊர் நடுவர் என்ற சலுகை அவரிடம் செல்லாது. காது கேட்காததால் யார் கெஞ்சினாலும் அவருக்கு ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் ஆட்கள் ரன் ஓடும்போது வாயைத் திறப்பதே இல்லை. பட்டறைக்குள் பேச்சு எடுபடாது. இழை அறுந்தது, குறுக்கு நூல் சுற்றிய ஊடைத் தார் தீர்ந்தது, முதலாளி வருகிறார், எல்லாமே கையும் கண்ணும்தான். அதையே மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மட்டைக்காரர் புருவத்தைத் தூக்கினால் ஒரு ரன். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நில். பந்தைத் தடுக்கிறவர்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. வேறு தொழில் செய்யும் புதுப்பையன் ஒருவன் மட்டும் "யெஸ், நோ" என்று கூவி ரன் அவுட் ஆனான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆட்டம் இல்லை. நாள் முழுக்க டீக்கடையில் இந்திய அணிக்கு ஆடிய நடராஜன் பேச்சு.

அவருடைய ஊர் சின்னப்பம்பட்டி இங்கிருந்து தூரமில்லை. தறிக் கூலிக் குடும்பம், அம்மா சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பியும் வாங்கிவிட்டார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் உட்காரவைத்து அழைத்துப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன் என்று சொல்லாத ஆள் இந்தப் பகுதியிலேயே இல்லை.

இப்போதைய குறை வேறு. ஐபிஎல்லில் டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு எடுத்துவிட்டு வெளியே உட்கார வைத்திருக்கிறது. டீ ஆற்றுகிறவர் சொன்னார்: "சும்மா உட்காரத்தான் சம்பளம் என்றால், நான் உட்காருகிறேனே. பாதி கொடுத்தால் போதும்." கேப்டன் மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அங்கேயும் பாவு தீர வேண்டியிருக்கும்" என்றார்.

அவரோடு ஆடியவர்கள், அவர் பந்தில் சிக்சர் அடித்தவர்கள் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் பெருகிவிட்டார்கள். அந்தச் சிக்சர்களை எல்லாம் கூட்டினால் அவர் இந்திய அணிக்கு வந்திருக்கவே முடியாது.

ஏப்ரல் 24, வியாழன்

மாதாந்திர மின் நிறுத்தம். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரை மின்சாரம் இருக்காது என்று பத்திரிகையில் ஊர்ப் பெயர்களோடு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிவைக்க வேண்டிய செய்தி. எங்களுக்கு ஆட்ட அட்டவணை.

இப்படி ஒரு நாளில்தான் எங்கள் அணியின் உண்மையான பதினொரு பேரையும் சேர்ந்தாற்போல் பார்க்க முடியும். பாவு கிடந்தால் என்ன, தறி ஓடாதே. வேகப்பந்து வீச்சாளர் வந்தார். அவருடைய முதலாளியின் மகனும் வந்தான். மைதானத்துக்குள் இருவரும் மாப்பிள்ளை முறை. வெளியே வந்தால் அவர் மறுபடி 'வாங்க, போங்க'. எதிரணி பள்ளிபாளையம். அங்கேயும் இன்று நிறுத்தம். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்தவர்கள் வேலமர நிழலில் படுத்துவிட்டார்கள். தேர்ட்மேனில் நின்றவர் நின்றபடியே தூங்கினார். பந்து காலில் பட்டு நின்றதால் நான்கு ரன் மிச்சமானது. கேப்டன் அதற்கும் அவரைப் பாராட்டினார்.

பன்னிரண்டு ஓவர் ஆட்டம். நாங்கள் 97. அவர்கள் கடைசி இரண்டு ஓவரில் 14 எடுக்க வேண்டும், கையில் நான்கு விக்கெட். மணி மூன்றரைகூட ஆகவில்லை. வேகப்பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்கினார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். காதைத் தீட்டினார்.

ஊர்ப் பக்கமிருந்து சத்தம். முதலில் ஒரு தறி, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாது. மின்சாரம் முன்னதாகவே வந்துவிட்டது. அடுத்த நிமிடம் எல்லாப் பைகளிலும் செல்பேசி மணி. லாங் ஆனில் நின்றவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மொபெட்டை எடுத்தார். பள்ளிபாளையத்தின் மட்டைக்காரர் மட்டையை ஸ்டம்பின் மேல் சாய்த்துவிட்டு, "ரன்னை எழுதி வையுங்கள் அண்ணா, அடுத்த நிறுத்தத்துக்கு வந்து அடிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார். முதலாளியின் மகன்தான் கடைசிவரை நின்றான். அவனுக்கு எங்கே அவசரம்? ஆனால் பந்து போட ஆள் வேண்டுமே.

மாமா மட்டும் ஒன்றும் புரியாமல் நடுவில் நின்றுகொண்டு, "என்ன, தண்ணீர் இடைவேளையா?" என்று கேட்டார்.

நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: முடிவு இல்லை, காரணம் மின்சாரம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கேப்டனை ஒரு முதலாளி வழிமறித்திருக்கிறார். "ஏனப்பா, உங்கள் முதல் ஆட்டக்காரன் தறியில் மட்டும் சனிக்கிழமை பாவு தீர்ந்தால் திங்கட்கிழமைதான் பிணைக்க வருகிறாய்?" கேப்டன் அசரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை இழை பிணைத்தால் அறுகிறது முதலாளி." ஏன் அறுகிறது என்று முதலாளி கேட்டாராம். அது அனுபவம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மே 4, ஞாயிறு

சங்ககிரி பக்கம் டோர்னமென்ட். நுழைவுக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வெயில் மண்டையைப் பிளந்தது. மைக்கைப் பிடித்தவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நாளெல்லாம் விடாமல் பேசினார். நடுவே அறிவிப்பு: "இந்த ஓவரில் சிக்சர் அடித்தால் மளிகைக் கடை அண்ணன் நூறு ரூபாய் தருகிறார்!" எங்கள் ஆள் ஒருவர் அடித்தார். மளிகைக் கடை அண்ணன் பணம் எடுக்கப் பை, சட்டை, வேட்டி மடிப்பு என்று தேடிய நேரத்தில் அடுத்த ஓவரே முடிந்துவிட்டது. மைக்குக்காரர் அதையும் வர்ணனை செய்தார்.

இது நம் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் லங்காஷயரில் நெல்சன் என்று ஒரு நெசவாலை ஊர். மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் 1937 வரை அங்கே கூலிக்கு ஆடினார். அந்த ஒன்பது பருவங்களில் ஏழு முறை லீக் பட்டம் நெல்சனுக்கு. அங்கேயும் ஒருவர் அரைச்சதம் அடித்தால் கூட்டத்தில் உண்டியல் சுற்றிவரும். நம் வினு மன்கட் 1952-இல் அதே லீக்கில் ஹாஸ்லிங்டன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர்தான். அங்கிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு லார்ட்ஸ் டெஸ்டுக்குப் போய் 72, 184 என்று அடித்தார்.

படித்ததில் எனக்குப் பிடித்தது இதெல்லாம் அல்ல. பெண்களையும் சிறார்களையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் ஆலையில் வைத்திருக்கக் கூடாது என்று அங்கே 1850-இல் சட்டம் வந்தது. அவர்கள் போய்விட்டால் ஆலை ஓடாது. ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் வேரூன்றியது அந்த அரைநாளில்தான். அவர்களுக்குச் சட்டம் கொடுத்தது. எங்களுக்கு மின்வாரியம் கொடுக்கிறது, அதையும் சொன்ன நேரத்துக்கு முன்பே திருப்பி வாங்கிக்கொள்கிறது.

இரண்டு ஆட்டம் வென்றோம். அரையிறுதி அடுத்த வாரம்.

மே 11, ஞாயிறு

இரவு கொட்டிய கோடை மழையில் மைதானம் சேறு. அரையிறுதி தள்ளிப்போனது. நிழலில் மோர் விற்கும் ஆயா, ஆள் வராததற்கு எங்களைத் திட்டினார்.

மே 18, ஞாயிறு

அரையிறுதியில் தோற்றோம். எப்படித் தோற்றோம் என்று எழுத ஒன்றுமில்லை. எதிரணியின் இடக்கைக்காரன் நன்றாக அடித்தான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்றோம். பரிசு கொடுக்க வேண்டிய பிரமுகர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். கிரிக்கெட் உடலுக்கு நல்லது என்று தொடங்கித் தன் கட்சியின் சாதனைகளில் முடித்தார். கோப்பை கோயில் குத்துவிளக்கு உயரம். மொபெட்டில் ஒருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்தவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர வேண்டியிருந்தது. வைக்க இடம்? பட்டறையில் பஞ்சுத் தூசி. கேப்டன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கோப்பைகளில் அவர் மனைவி பருப்பும் புளியும் போட்டு வைத்திருக்கிறார். டீக்கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்.

கையில் பரிசுப் பணம் 3,000 ரூபாய். புது மட்டை வாங்குவதா, பிரியாணி போடுவதா என்று கூட்டம் கூடியது. நான் மட்டைக் கட்சி. அடுத்த மாதம் இலவச வேட்டி சேலை ஆர்டர் இறங்கிவிட்டால் ஞாயிறும் தறி ஓடும், பிறகு மட்டை எதற்கு என்பது பிரியாணிக் கட்சியின் வாதம். 1983-இல் தொடங்கிய திட்டம். பொங்கலுக்கு ஊரெல்லாம் வேட்டி கட்டுவதற்கு எங்கள் ஆட்டம் நிற்கிறது என்று ஒருவர் பொருமினார். அந்த ஆர்டர் இல்லாவிட்டால் வீட்டில் உலை எது என்று இன்னொருவர் கேட்டதும் அடங்கிவிட்டார்.

கை தூக்கச் சொல்லி எண்ணினோம். மட்டைக்கு ஆறு, பிரியாணிக்கு ஆறு. மாமா ஒருவர்தான் பாக்கி. கேப்டன் அவர் காதருகே குனிந்து, "மாமா, மட்டை வாங்கட்டுமா?" என்று கத்தினார்.

"எனக்கு லெக் பீஸ் போதும்" என்றார் மாமா.