விண்டோஸில் மட்டும் பச்சை

பெருங்குடியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ராத்திரி 11 மணிக்கு ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் எங்கள் புரோகிராமை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் தானாக பில்ட் செய்து பார்க்கும்; சரியாக வந்தால் பச்சை, தோற்றால் சிவப்பு. காலையில் காபிக்கு முன்னால் அதைத்தான் பார்ப்போம். அன்றைக்கு லினக்ஸும் மேக்கும் சிவப்பு, விண்டோஸ் மட்டும் பச்சை. பில்ட் செய்யும் கட்டளைகளை அதற்கு மட்டும் தனி ஃபைலில் (.bat) எழுதியிருந்தோம், அதனால் தப்பித்தது.

லாக்கில் 'அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை' என்று இருந்தது. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி சர்வருக்குள் போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணா, பில்ட் ஸ்கிரிப்ட் (build.sh) அங்கேயேதான் இருக்கு" என்றான். பெர்மிஷனும் சரி. ஒரு மணி நேரம் போனது. கடைசியில், ஃபைலைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையை, கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டும் ஹைஃபன் ஏ சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு தொப்பிக்குறி, ஓர் எம். யாரோ விண்டோஸ் லேப்டாப்பில் திறந்து சேமித்திருக்கிறார்கள்.

டைப்ரைட்டிங் லோயர் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வரி முடிந்து நெம்புகோலைத் தள்ளினால் உருளை வலப்பக்கம் ஓடும், காகிதமும் ஒரு வரி ஏறும். அந்த இரண்டு வேலையையும் விண்டோஸ் 13, 10 என்று இரண்டு குறிகளாக எழுதி வைக்கிறது. லினக்ஸும் இன்றைய மேக்கும் 10-ஓடு நிறுத்திக்கொள்கின்றன. ஸ்கிரிப்டை ஓட்டும் புரோகிராம் பாஷ் (bash). முதல் வரியில் இருந்த அதன் பெயரோடு 13-ம் ஒட்டிக்கொள்ள, அப்படி ஒரு பாஷைத் தேடியிருக்கிறது லினக்ஸ். காணாமல் போனது எங்கள் ஃபைல் இல்லை.

அப்புறம் அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். அந்த 13-களைத் துடைக்க ஜென்கின்ஸிலேயே, ஃபைலுக்குள் எழுத்துகளை மாற்றும் ஸெட் (sed) கட்டளையை ஹைஃபன் ஐ-யோடு போட்டேன். லினக்ஸ் பச்சையானது. மேக்கில் புதுப் புலம்பல்: 'யுஐஎல்டி' என்று ஏதோ ஒரு லேபிளைக் காணோமாம். மேக்கின் ஸெட், பிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் குடும்பத்தின் வழி வந்தது. ஹைஃபன் ஐ-க்கு அடுத்து வருவதை பேக்கப் பெயரின் ஒட்டாக எடுத்துக்கொள்ளும். என் கட்டளை ஒட்டாகிவிட, ஃபைல் பெயரே கட்டளையானது. ஸெட்டில் பி என்றால், அடுத்து எழுதிய லேபிளுக்குத் தாவு. மிச்ச எழுத்துகளைத் தேடித் தாவப் பார்த்திருக்கிறது! தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஸெட்டைத் தூக்கிவிட்டு, கோடு சேமித்து வைக்கும் கிட் ரெப்போவிலேயே கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற அமைப்பு ஃபைல் வைத்து, ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (அந்த 10) மட்டும் என்று எழுதினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

அடுத்த நாள் லினக்ஸ் மட்டும் சிவப்பு. இன்வாய்ஸ் என்ற ஹெடர் ஃபைலின் பெயரில் பெரிய ஐ (I). கோடில் அதைக் கூப்பிட்ட இடத்தில் சின்ன ஐ (i). விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இதைக் கண்டுகொள்வதில்லை.

"தமிழ்ல பேர் வெச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்லண்ணா" என்றான் தம்பி.

"கொள்முதல்னு வெச்சுப் பாரு" என்றேன். அந்த ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டு ஃபைல்.