செரோக்கியில் அம்மாவுடன்

ஜூலை 9, புதன்

மழை. அண்ணன் இரண்டு முறை அழைத்துவிட்டார். பவர் பத்திரம் நீல உறையில், என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

சார்லட்டில் இருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மலைகள் நெருங்க நெருங்க அவற்றின் மேல் நீலமாக ஒரு மூட்டம். ஸ்மோக்கி மலைகள் என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. அம்மா வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தாள். ஊருக்குள் நுழைந்ததும், "கிணற்றடி முருங்கைக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்?" என்று கேட்டாள். அண்ணன் பார்த்துக்கொள்கிறார் என்றேன்.

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கிகளின் ஊர் இது, ஊர்ப் பெயரும் செரோக்கிதான். தெருப்பலகைகளில் இரண்டு எழுத்துகள்: ஆங்கிலமும் செரோக்கியும். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் எது அவர்களுடையது என்று உடனே சொல்லிவிட்டாள். செக்வோயா என்பவர் 1821இல் முடித்த எழுத்து அது என்றேன். வேறு எந்த மொழியையும் படிக்கத் தெரியாதவர். 85 குறிகள், அநேகமாக ஒவ்வொன்றும் ஓர் அசை, நம் உயிர்மெய் போல. அம்மா அதையே இரண்டு மூன்று முறை கேட்டாள். "படிக்கத் தெரியாதவரா? அவரா செய்தார்?" 1991இல் புதுக்கோட்டை அறிவொளி வகுப்பில் லாந்தர் வெளிச்சத்தில் அம்மா தன் பெயரை எழுதிப் பழகியது நினைவுக்கு வந்தது. கைநாட்டு வைக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டவள்.

அண்ணன் மறுபடியும். எடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஒகோனலுஃப்டி கிராமம். பதினெட்டாம் நூற்றாண்டுச் செரோக்கி வாழ்க்கையை அவர்களே நடத்திக் காட்டுகிறார்கள். மரத்தைத் தீயால் கருக்கிக் குடைந்து ஓடம் செய்கிறார்கள். ஆற்றங்கரை மூங்கிலில் நீண்ட ஊதுகுழல். முள்செடிப் பஞ்சு கட்டிய அம்பை ஒருவர் ஒரே மூச்சில் ஊதி இலக்கில் தைத்தார். பாப்பா அங்கிருந்து நகரவே இல்லை.

அம்மா கூடை பின்னும் பெண்ணின் அருகில் உட்கார்ந்துவிட்டாள். மூங்கில் பட்டையில் இரட்டைப் பின்னல்: உள்கூடையை அடியிலிருந்து ஆரம்பித்து மேலே கொண்டுவந்து, விளிம்பில் மடக்கி, வெளிப்புறமாகக் கீழே இறக்கி முடிக்க வேண்டும். கூடைக்குள் கூடை. பனையோலை முடைந்த விரல்கள் அல்லவா, அம்மா கேட்காமலே புரிந்துகொண்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. அரைமணி நேரம் இருந்தார்கள். இந்தப் பயணத்தில் அம்மாவின் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

உறையை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

இரவு மழை. செரோக்கிகளின் கதையைச் சொல்லும் நாடகம் நாளைக்கு. திறந்தவெளி என்பதால் வானம் வெளுக்க வேண்டும்.

ஜூலை 12, சனி. நள்ளிரவு

வெளுத்தது.

மலைச்சரிவிலேயே அரங்கு. மேடைக்குப் பின்னால் திரை இல்லை, மரங்கள்தான். 1950இல் இருந்து கோடைகளில் நடக்கிறது. இருட்டியதும் பறையடி எழுந்தபோது பாப்பா என் மடிக்கு வந்துவிட்டாள். கழுகு நடனத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் அமெரிக்கத் தளபதி ஜாக்சனுக்காகச் செரோக்கிகள் போரிட்டார்கள். அதே ஜாக்சன் குடியரசுத் தலைவராகி 1830இல் அவர்களை மேற்கே வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1835இல் நியூ எக்கோட்டாவில், அதிகாரமே இல்லாத ஒரு சிறு கூட்டம் நிலத்தை எழுதிக் கொடுத்தது. எதிர்ப்பு மனுவில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். செனட்டில் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒரு வாக்கில் கிடைத்து ஒப்பந்தம் நிலைத்தது. 1838இல் சிப்பாய்கள் வந்தார்கள். ஏறத்தாழ நாலாயிரம் பேர் முகாம்களிலும் வழியிலும் செத்தார்கள்.

சிப்பாய்களை எதிர்த்த செரோக்கிக்காரர் சாலி சுடப்படும் காட்சியில் அம்மா என் கையைப் பிடித்தாள். விடுதிக்குத் திரும்பும் வழியில், பழைய பதிவொன்றில் படித்ததைச் சொன்னேன். சிப்பாய்கள் வீட்டைச் சூழ்ந்ததும் ஒரு பெண் வாசலுக்கு வந்து கோழிகளைக் கூப்பிட்டுக் கடைசி முறையாகத் தீனி போட்டாளாம். பிறகுதான் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினாளாம்.

"பிறகு கோழிகள்?" என்று கேட்டாள் அம்மா.

தெரியவில்லை என்றேன்.

ஏன் சொன்னேன்?

ஜூலை 13, ஞாயிறு. விடியற்காலை

தூக்கம் வரவில்லை. முன்பணம் வாங்கியாயிற்று என்று அண்ணன் செய்தி அனுப்பியிருக்கிறார். அம்மாவைக் கேட்காமல்!

இந்த மலையில் தங்கிவிட்டவர்கள் எப்படித் தங்கினார்கள் என்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாலியின் உயிருக்கு ஈடாகத் தங்கினார்கள் என்பது நாடகம். ஆனால் அந்தப் படலத்துக்கு முன்பே இங்கே நிலம் இருந்தது. வில்லியம் ஹாலண்ட் தாமஸ் என்ற வெள்ளைக்கார வணிகர், செரோக்கித் தலைவர் ஒருவர் மகனாக ஏற்றுக்கொண்டவர், அவர்களுக்காகத் தன் பெயரில் நிலம் வாங்கி வைத்தார். அரசு ஒதுக்கிக் கொடுத்ததல்ல, காசு கொடுத்து வாங்கியது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதில் எத்தனை பேர் வாழ்க்கை இருக்கிறது.

அந்த வீட்டுப் பத்திரத்தில் அம்மா பெயர் மட்டும்தான்.

மணி ஐந்தரை. அம்மா எழுந்துவிட்டாள். பாப்பாவுக்குக் குளிருகிறதாம், போர்வை தேடுகிறாள். பை என் பக்கம் இல்லை.

நீல உறை அவள் மடியில் இருக்கிறது. கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்கிறாள்.