வாயப்பயம்

ஜூன் 3
நோயாளிக்கு மேல் பல்செட் மாட்டியாச்சு. ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னால் ‘வாயப்பயம்’. கனம் அளக்கும் கேஜில் பிடித்துப் பார்த்தேன்: செட்டின் அண்ணம் (வாயின் மேற்கூரையை மூடும் தகடு) 3.5 மி.மீ. அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு 2 போதும். லேப்பில் அதற்கு அச்சாகும் மெழுகுத் தாளை இரட்டையாக ஒட்டிவிட்டார்கள். ஒரு தாளே ஒன்றரை மி.மீ. வரும்.

ஜூன் 4
வாயப்பயம்.

ஜூன் 5
பொடி வைத்துப் பார்க்காமல் தேய்க்கும் பர்ரைத் தொடக்கூடாது. செட்டின் நாக்குப் பக்கத்தைக் காற்றடித்து உலர்த்தி, பல் அச்செடுக்கும் ஆல்ஜினேட் பொடியை மெல்லிசாகத் தூவி, மாட்டி, ஒரே ஒரு ஓசை. எச்சில் விழுங்குவதற்குள் கழற்றணும், இல்லாவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். நாக்கு பட்ட இடத்தில் பொடி இருக்காது. ‘அச’வுக்கு இரண்டு ஓரமும் துடைபட்டு நடுவில் ஒடுங்கின வாய்க்கால் மட்டும் வெள்ளையாக நிற்கணும். வாய்க்கால் ரொம்பக் குறுகினால் விசில், அகன்றால் ‘ஷ’. இங்கே வாய்க்காலே இல்லை, முன்பக்கம் மொத்தமும் துடைபட்டிருக்கு. ‘சாமி’ ஏன் ‘தாமி’ ஆனது என்று இப்போது புரியுது.
ழகரம் வேறு கணக்கு. நுனி எதிலும் ஒட்டாமல் பின்னால் மடங்கணும். கூரை தாழ்ந்தால் மடங்க ஏது இடம்? நாக்கு யகரத்திலேயே படுத்துக்கொள்ளும்.

ஜூன் 6
மழை. யாரும் வரவில்லை.

ஜூன் 8
அரை அரை மி.மீ.யாகத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் அளந்து, 2-க்குக் கொண்டுவந்தேன். இன்னும் இறக்கினால் நடுக்கோட்டில் விரிசல் விடும். ‘தாமி’ போய் ‘சாமி’ வந்துவிட்டார். பழம் ‘பளம்’ ஆகியிருக்கு. யகரத்திலிருந்து ளகரம்! நாக்கு மடங்குது, ஆனால் இன்னும் முட்டுது.

ஜூன் 9
கோபால்ட் குரோம் உலோகம் என்றால் அண்ணம் அரை மி.மீ.தான்; காப்பிச் சூடும் தெரியும். ஆனால் வார்த்தபின் பின்விளிம்பைத் திருத்த வழியில்லை, அந்த ஓரத்தை அக்ரிலிக்கில்தான் விடணும். நைலான் கேட்கிறார்கள். வேண்டாம். அதற்குக் கனம் வேண்டும், தேய்த்தால் நார் நாராகப் பிரியும், மெருகும் ஏறாது.

ஜூன் 11
பேசும்போது ‘டக்’. ‘பசி, ஊசி’ சொல்லவிட்டு முன்பல் முனைகளைப் பார்த்தேன், நடுவே 1 மி.மீ. வெளிச்சம் இருக்கு. கடி உயரம் சரி. கீழ் செட்தான் எழும்பி அடிக்குது.

ஜூன் 12
பளம்.

ஜூன் 14
‘வாழை’ வந்தது. ‘பழம்’ வரவில்லை. நாளைக்கு மறுபடி பொடி.