டிராப் செக்கர் இன்னும் நீலம்

ஜூன் 2

செடி வளர்க்கப்போகும் மீன்தொட்டியின் ஸ்டாண்டைச் சமன் செய்வதிலேயே பாதி நாள் போய்விட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் வலது முன்மூலை ஒரு நூல் இறங்கியிருந்தது. தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம்தான், ஆனால் தண்ணீர், மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 80 கிலோ வரும், அந்த ஒரு நூலை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. அப்பா கட்டிலில் படுத்தபடி பார்த்தால் நேராகத் தெரிய வேண்டும், ஜன்னல் வெயிலும் விழக்கூடாது. இரண்டுக்கும் தோதான சுவர் இது ஒன்றுதான்.

ஜூன் 3

கற்களை எட்டுத் தடவை மாற்றி வைத்தேன். வினிகர் விட்டுப் பார்த்ததில் பெரிய கல் நுரைத்தது, சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். அழகான கல், வெளியே வைத்துவிட்டேன்.

ஜூன் 4

இன்று நட்டோம். நட்டோம் என்றே எழுதுகிறேன். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து மடியில் தட்டைக் கொடுத்தேன், தரையில் படரும் மான்டி கார்லோ செடியைச் சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரித்தார், எல்லாம் இடது கையால். பின்னால் ரோட்டாலா, நடுவில் கிரிப்டோகோரைன், மரக்கட்டையில் அனுபியாஸ். அனுபியாஸின் தண்டை மண்ணில் புதைக்கக்கூடாது, அழுகிவிடும், நூலால் கட்டினேன். கடைசியில் அவரே இடுக்கியைக் கேட்டார். வலது கையில் பிடித்தார். இரண்டு கொத்து நட்டார், அதற்குக் கால் மணி நேரம் ஆனது, நான் அந்தப் பக்கம் பார்க்காமல் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் நிரப்பியதும் அந்த இரண்டும் மேலே மிதந்து வந்துவிட்டன. அவர் தூங்கிய பிறகு அதே இடத்தில் மறுபடி நட்டு வைத்தேன்.

ஜூன் 5

டிராப் செக்கர் நீலம். தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு போதுமா என்று நிறத்தால் காட்டும் கண்ணாடிக் குமிழ் அது, நீலம் என்றால் போதவில்லை.

ஜூன் 6

நீலம். குமிழ் எண்ணியில் வாயு வினாடிக்கு ஒரு குமிழாகப் போகிறது, அதைப் பொடியாக்கும் டிஃப்யூசரிலிருந்து பனி மாதிரி கிளம்புகிறது, ஆனாலும் நீலம். அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் இருப்பது கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) 4 உள்ள கரைசல், நிறம் மாறும் சாயமான புரோமோதைமால் நீலம் கலந்தது, தொட்டித் தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை. நடுவில் ஒரு காற்று இடைவெளி இருக்கிறது, வாயு அதைத் தாண்டிப் போய்த்தான் நிறம் மாறும். பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், ஆக நான் பார்ப்பது எப்போதுமே கடந்த நேரத்தின் நிலவரம். இது தெரிந்தும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். சின்ன வால்வை மயிரிழை திருப்பினாலே எண்ணிக்கை மாறிவிடுகிறது.

ஏன் இவ்வளவு பாடு என்று அம்மா கேட்டாள். காற்றில் வாயு பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது, வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு மூச்சுக்கு வழி செய்யாமல் விட்டால் செடி வாடும், அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும் என்றேன். அம்மா வாளியைப் பார்த்தாள்.

டைமர்: வாயு 1 மணி, விளக்கு 3 மணி. வாயு 8, விளக்கு 9-க்கு அணையும். வெளிச்சம் தினம் ஆறு மணி நேரம், அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

ஜூன் 7

பச்சை!! மாலை 4.40. அப்பாவிடம் காட்டினேன், தலையாட்டினார்.

ஜூன் 9

அம்மோனியா ஏறியிருக்கிறது. தொட்டிச் செடிகளுக்கான மண்ணான அக்வா சாயில் புதிதில் அதை விடத்தான் செய்யும், அதனால்தான் இப்போதைக்கு உள்ளே எந்த உயிரும் இல்லை. முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன், குளோரின் நீக்கி சேர்த்து, வாளி வாளியாக. இடுப்பு வலிக்கிறது.

ஜூன் 12

கிரிப்டோகோரைன் முழுக்கக் கரைந்துவிட்டது. நேற்று மாலை நன்றாக இருந்த இலைகள் இன்று கண்ணாடி மாதிரி, தொட்டால் கூழ். எதிர்பார்த்ததுதான். பண்ணையில் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே வளர்க்கிறார்கள், அந்த இலை காற்றுக்குப் பழகிய இலை, மூழ்கியதும் அதை உதிர்த்துவிட்டு வேரிலிருந்து மெல்லிசாக வேறு இலை விடும். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் "செத்துப்போச்சா" என்றார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. இல்லப்பா, வேர் இருக்கு என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

கரைந்த இலைகளை உறிஞ்சி எடுத்துவிட்டேன். வேரைப் பிடுங்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, பிடுங்கக்கூடாது.

ஜூன் 13

மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்கப்புறம் என்ன என்று அப்பாவை வைத்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

தண்ணீர் மாற்றவில்லை இன்று.

ஜூன் 17

எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூசி. கண்ணாடி, கல், அனுபியாஸ் இலை. டயட்டம் என்கிற நுண்பாசி, புதுத் தொட்டியில் வரும், தானே போகும். துடைத்தால் புகை மாதிரி கிளம்புகிறது. நைட்ரைட்டும் காட்டுகிறது, அப்படியென்றால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது, நைட்ரைட்டைத் தின்னும் அடுத்த கூட்டம் வர வேண்டும். அவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஃபில்டரைத் திறக்கவே கூடாது.

ஜூன் 18

தூக்கமில்லை. 3 மணிக்கு விளக்கில்லாத தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்தேன். நீலம். இரவில் வாயு இல்லை, நீலமாகத்தான் இருக்கும்.

ஜூன் 21

அப்பாவுக்கு லிஸ்பன் தொட்டியின் வீடியோ போட்டுக் காட்டினேன். செடித் தொட்டிக் கலையில் பேர்போன ஜப்பானியர் தகாஷி அமானோ அமைத்தது, 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர், உள்ளே ஒரு காடே இருக்கிறது. அசையாமல் பார்த்தார். 2015-இல் திறந்தார்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் அமானோ இறந்துவிட்டார், 61 வயது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய வேலையை முடித்துவிட்டுப் போனதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்பாவுக்கு இப்போது 64.

ஜூன் 22

அப்பாவுக்குப் பந்து அமுக்கும் பயிற்சி 20 தடவை. நேற்று 12.

ஜூன் 26

மாலை 6 மணிக்கு மான்டி கார்லோ முழுக்க முத்து. இலை நுனிகளில் ஊசிமுனை அளவு ஆக்சிஜன் குமிழிகள், ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகின்றன. தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்து, இனிக் கரைய இடமில்லாதபோதுதான் இப்படிக் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் மாற்றிய அன்றும் குமிழி வரும், அது குழாய்த் தண்ணீரில் கரைந்து வந்த வாயு, அதைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். இன்று தண்ணீர் மாற்றவில்லை. இது செடியே விட்டது.

கிரிப்டோகோரைன் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு முளை, அரிசி நீளம்கூட இல்லை. முதலில் பார்த்தது அப்பாதான். விரலால் காட்டினார். எந்தக் கை என்று அப்போது கவனிக்கவில்லை, இப்போது நினைவுபடுத்திப் பார்த்தால் வலது கை மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜூலை 1

அம்மோனியா 0. நைட்ரைட் 0. மூன்று நாளாக.

ஜூலை 5

பத்து நியான் டெட்ரா மீன்கள், ஐந்து அமானோ இறால்கள். பையை மிதக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்து விட்டேன். இறால் குட்டி போடுமா என்று அப்பா கேட்டார். முட்டை வைக்கும், ஆனால் குஞ்சு பிழைக்க உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும், இங்கே பெருகாது என்றேன். "பாவம்" என்றார். முழுச் சொல்லாக வந்தது.

ஜூலை 7

என் தவறு. செடிக்காக ஏற்றி வைத்திருந்த குமிழ் வேகத்தை மீன் வந்த பிறகும் குறைக்கவில்லை. நான் உள்ளே போனில் இருந்தேன். ஹாலில் டொக் டொக் என்று சத்தம், நிற்கவே இல்லை, எரிச்சலோடு வந்தேன். அப்பா ஸ்பூனால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. டிராப் செக்கர் மஞ்சள், வாயு மிஞ்சிவிட்டது.

வாயுவை அடைத்தேன், ஃபில்டர் குழாயைத் தூக்கி நீர்ப்பரப்பு கலங்குகிற மாதிரி வைத்தேன், காற்று பம்ப் போட்டேன், பாதித் தண்ணீர் மாற்றினேன். இரண்டு மணி நேரத்தில் கீழே இறங்கிவிட்டன. ஒன்று போய்விட்டது.

அவர் கூப்பிட முயன்றிருக்கிறார். குரல் எட்டவில்லை.

ஜூலை 8

ஒன்பது. காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருக்கிறேன். குமிழ் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், நீலம் கலந்த பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை, செடி மெதுவாக வளரட்டும். அப்பாவின் கட்டிலருகே அழைப்பு மணி மாட்டினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தொட்டிக்கு டைமர் வாங்கத் தெரிந்தது.

ஜூலை 9

ஒன்பது.

ஜூலை 12

பந்து 35. மணியை நான்கு தடவை அடித்தார், ஒரு தடவை மட்டும்தான் ஏதாவது தேவை இருந்தது. மற்றதெல்லாம் இறால் தோலுரித்ததைக் காட்ட.

ஜூலை 14

நாளை காலை 11 மணிக்கு அப்பாவைக் கூட்டிப்போக வேண்டும். எப்போது திரும்புவோம் என்று தெரியாது, வாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் டைமரைக் கழற்றி வைத்துவிட்டேன், ஒரு நாள் வாயு இல்லாவிட்டால் எதுவும் ஆகாது. ரோட்டாலா மேல்மட்டத்தைத் தொட்டு வளைந்துவிட்டது, இன்றே வெட்டலாம் என்று கத்தரியை எடுத்தேன். நான் வெட்டுகிறேன் என்று கையை நீட்டினார், வலது கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வெட்டலாம்ப்பா என்றேன். கத்தரி தொட்டி மேலேயே இருக்கிறது.