காபி டம்ளரைத் தூக்கியதும் காணாமல்போன வி.டி.

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐசிசியூவில் (இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸாக எனக்கு அது மூன்றாவது நைட். விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும், ஆறாம் நம்பர் பெட் மானிட்டர் சிவப்பு விளக்கோடு அலறியது. திரையில் அகல அகலமாக, இடைவெளியே இல்லாமல் அலைகள். "வி.டி.! வி.டி.!" (கீழறை தாறுமாறான வேகத்தில் துடிக்கும், உயிருக்கே ஆபத்தான நிலை) என்று கத்திக்கொண்டே கிராஷ் கார்ட்டை, அதாவது அவசர மருந்து வண்டியை, உருட்டிக்கொண்டு ஓடினேன். தூக்கத்திலிருந்து எழுந்த டியூட்டி டாக்டர் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார்.

கட்டிலில் தாத்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று என்னையே கேட்டார். அவருக்குப் பல வருடமாகப் பார்க்கின்சன். வலது கை மடியில் கிடந்து தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஆயாம்மா வைத்துவிட்டுப் போன காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். கை ஆட்டம் அடங்கியது. மானிட்டரில் வி.டி.யும் அடங்கியது. டம்ளரை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டதும் இரண்டும் திரும்பி வந்தன.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. ஈசிஜி கோட்டுக்குக் கீழே ஓடிய ஆக்சிஜன் அலையை மட்டும் காட்டினார். நாடி 78 என்று சீராகப் போய்க்கொண்டிருந்தது. "நாடியைத் தொட்டீங்களா சிஸ்டர்?" தொடவில்லை. அந்தக் கை நடுக்கம் நொடிக்கு நாலு முதல் ஆறு தடவை, நிமிடத்துக்கு 240 முதல் 360. திரையில் அது படபடக்கும் இதயம் மாதிரியே தெரியும்.

அடுத்த நாளே இன்சார்ஜ் சிஸ்டர் கூப்பிட்டு, ரிதம் டெஸ்ட் (ஈசிஜியைப் பார்த்து எந்த வகைத் துடிப்பு என்று சொல்வது) பாஸ் செய்யாமல் இனி நைட் கிடையாது என்றுவிட்டார். எட்டு வருடம் மெடிக்கல் வார்டில் இருந்தவள் நான். ஈசிஜி எடுக்கத் தெரியும், ஃப்ளாட் லைன் தெரியும், மற்றதெல்லாம் "டாக்டர் பார்த்துக்குவார்". டெஸ்ட்டில் இருபது ஸ்ட்ரிப் (ஈசிஜி தாள் துண்டு), இருபது நிமிடம், பதினாறு சரியாக வர வேண்டும். முதல் தடவை எனக்குப் பதினொன்று.

எது தப்பு என்று தெரிந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும்? டிரெயினிங் ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "தாளைக் காட்ற வழக்கம் இல்லீங்க. மார்க் மட்டும்தான்" என்றார். சரி, எந்த எந்த ரிதம் என்றாவது சொல்லுங்கள் என்றேன். "எழுதிக் குடுங்க, மேலே அனுப்புறேன்." எழுதிக் கொடுத்தேன். அது மேலே போனதா, மேஜைக்கு அடியில் போனதா என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று திருச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு 1500 ரூபாய் கட்டினேன். மதுரையிலிருந்து காலை ஐந்து மணி பஸ். மதியம் வரை சோடியம் உள்ளே போகிறது, பொட்டாசியம் வெளியே வருகிறது. ஈசிஜியைக் கண்டுபிடித்த ஐந்தோவன் ஜாவாவில் பிறந்தவர், 1924-இல் நோபல் வாங்கினார், அந்தக் காலத்தில் உப்புத்தண்ணீர் வாளிக்குள் கையையும் காலையும் விடச் சொல்லித்தான் ஈசிஜி எடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வேண்டியது ஸ்ட்ரிப். அது கடைசி அரைமணியில் வந்தது. கையில் கொடுத்த நோட்ஸ் சுருக்கி எடுத்த ஜெராக்ஸ், அலை மட்டும் இருக்கிறது, கட்டம் ஒன்றுகூட விழவில்லை. கட்டம் இல்லாத ஈசிஜியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த வகுப்புக்குப் பணம் கட்டுவதாக இருந்தாலும் நோட்ஸில் ஒரு பக்கத்தை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். சின்னக் கட்டம் எண்ண முடியாவிட்டால் போகாதீர்கள்.

என்னைக் கரை சேர்த்தது எங்கள் ஈசிஜி டெக்னீஷியன் அண்ணன். ரிப்போர்ட் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை, ஆனால் இருபது வருடமாக அதே வேலை. முதல் நாள் ஸ்ட்ரிப்பே காட்டவில்லை. "மொதல்ல எடுத்த விதத்தைப் பாரு, அப்புறம் இதயத்தைப் பாரு" என்று அந்தத் தாத்தாவின் 12 லீட் ஈசிஜியை (ஒரே இதயத்தை 12 கோணத்தில் பார்க்கும் பதிவு) எடுத்துப் போட்டார். ஒன்றாவது லீடிலும் இரண்டாவது லீடிலும் ஒரே அமளி. மூன்றாவது லீட் தெளிவாக இருந்தது, அதில் அழகான நார்மல் ரிதம். மூன்றாவது லீட் இடது கைக்கும் இடது காலுக்கும் நடுவில் எடுப்பது, ஆடும் வலது கைக்கு அதில் வேலையே இல்லை. நிஜமான வி.டி. ஒரு லீடில் இருந்து இன்னொரு லீடில் இல்லாமல் போகாது.

இன்னொரு நாள் ஒரு ஈசிஜியைக் கொடுத்து ரேட் கேட்டார். கட்டம் எண்ணி 40 என்றேன். பிஆர் (துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) நீளம், கியூஆர்எஸ் (கீழறை துடிப்பதைக் காட்டும் கூரான அலை) அகலம், பேஸ்மேக்கர் கேஸ் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அவர் தாளின் ஓரத்தில் விரலை வைத்தார்: 50 மிமீ, அதாவது ஒரு நொடிக்குத் தாள் ஓடும் தூரம். யாரோ இரவல் வாங்கிப் போய் மெஷினை இரட்டை வேகத்தில் விட்டிருக்கிறார்கள். வழக்கமான வேகம் 25, அதில்தான் சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. அந்த ஆளின் நாடி 80. அன்றிலிருந்து எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது.

ஒழுங்கான ரிதமா, ஒழுங்கில்லாததா என்பதைக் கண்ணால் சொல்லாதீர்கள். முதல் டெஸ்ட்டில் நான் விட்டதில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். ஏ.எஃப். (மேலறை ஒழுங்கில்லாமல் படபடப்பது) 160-க்கு மேல் ஓடினால் பார்வைக்குச் சீராகத்தான் தெரியும். பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து இரண்டு ஆர் முனைகளில் (கியூஆர்எஸ்ஸின் உச்சி) குத்தி, அதே அளவில் நகர்த்திக்கொண்டே போவேன். ஏ.எஃப். என்றால் மூன்றாவது, நாலாவது இடத்திலேயே தவறிவிடும், மேலறை துடிப்பைக் காட்டும் பி அலையும் எங்கும் இருக்காது. ரேட்டுக்கு 300-ஐப் பெரிய கட்டத்தால் வகுக்கும் கணக்கு ஒழுங்கான ரிதத்துக்குத்தான். ஏ.எஃப்.க்கு முப்பது பெரிய கட்டத்துக்குள் எத்தனை கியூஆர்எஸ் என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள்.

ஹார்ட் பிளாக்தான் (மேலறைத் துடிப்பு கீழறைக்குப் போகும் வழியில் தடை) எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பைக் காட்டினார். "ஒரு டவுன் பஸ் அஞ்சு நிமிசம் லேட், அடுத்தது பத்து, அதுக்கடுத்தது பதினஞ்சு, அப்புறம் டிரிப் கட். மறுபடி வர்றது சீக்கிரம் வரும். அது வென்கெபாக். இன்னொரு ரூட் இருக்கு, எல்லா பஸ்ஸும் கரெக்ட் டைம், திடீர்னு ஒண்ணு சொல்லாம கொள்ளாம வராது. அது ரெண்டாவது டைப். அதுக்குத்தான் டாக்டரை எழுப்பணும்." முழு பிளாக் என்றால் பி அலை அது பாட்டுக்கு ஒரு வேகத்தில், கியூஆர்எஸ் அது பாட்டுக்கு மெதுவாக, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. பி அலைகளை மட்டும் தனியாக டிவைடரால் நடந்து பார்த்தால் சில பி, கியூஆர்எஸ்ஸுக்குள்ளும் அதற்குப் பின்னால் வரும் டி அலைக்குள்ளும் ஒளிந்திருப்பது தெரியும். (வென்கெபாக் என்ற டாக்டர் இதை 1899-இல் நாடித்துடிப்புப் பதிவை வைத்தே கண்டுபிடித்தாராம். நமக்குக் கட்டம் போட்ட தாள் இருந்தும் இந்தப் பாடு.)

இரண்டாவது டெஸ்ட் அன்று அந்த டிவைடரே பறிபோனது. "மேஜைமேல பேனாவைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது" என்றார் அதே ஆபீஸ்காரர். வயிறு கலங்கியது. ஆனால் ரஃப் வேலைக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். அதன் விளிம்பை ஸ்ட்ரிப்போடு ஒட்டி வைத்து, மூன்று ஆர் முனைகளுக்கு நேராகப் புள்ளி போட்டு, தாளை நகர்த்திப் பார்த்தேன். டிவைடரைவிட வேகமாகவே வந்தது. பதினெட்டு. விட்ட இரண்டில் ஒன்று எதுவென்று எனக்கே வெளியே வந்ததும் உறைத்தது. ரிதம் நடுவில் ஒரு நிற்றல் இருந்தது, அதை "பாஸ்" (pause, துடிப்பே வராத இடைவெளி) என்று எழுதினேன். அதற்கு முந்தைய டி அலை மட்டும் கொஞ்சம் கூராக இருந்தது. முந்திக்கொண்டு வந்த பி அலை ஒன்று அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கீழே இறங்க வழியில்லாமல் நின்றுவிட்டது. நிற்றல் என்று ஒன்று வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அண்ணன் நாலு தடவை சொல்லியிருந்தார்.

நைட் திரும்பக் கிடைத்த இரண்டாவது வாரம், இரண்டாம் நம்பர் பெட் அம்மாவுக்கு ரேட் 150. மெஷின் மேல்வரியில் "சைனஸ் டாக்கிகார்டியா" (நார்மல் ரிதம்தான், வேகம் மட்டும் அதிகம்) என்று அச்சடித்திருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பத்து மணிக்கு 150, பத்தரைக்கு 150, தூங்கினாலும் 150, பேசினாலும் 150. சைனஸ் என்றால் கொஞ்சமாவது ஏறி இறங்கும். மேல்வரியைக் கையால் மறைத்துக்கொண்டு ஸ்ட்ரிப்பைப் பார்த்தேன். இரண்டு கியூஆர்எஸ்ஸுக்கு நட்டநடுவில் ஒரு பி அலை. நட்டநடுவில் ஒன்று இருந்தால் இன்னொன்று கியூஆர்எஸ்ஸுக்குள் மறைந்திருக்கலாம். அப்படியானால் மேலறை 300, கீழறை 150. மேலறை இப்படி ஒரே சீராகப் படபடப்பதைத்தான் ஃப்ளட்டர் என்பார்கள்.

கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் இந்த முறை முதலில் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். "ஃப்ளட்டரா இருக்குமோன்னு தோணுது சார்." அதே ஒற்றைச் செருப்பு டாக்டர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆஸ்துமா உண்டா என்று விசாரித்து, அடினோசின் (மேலறைத் துடிப்பைக் கீழறைக்குப் போகவிடாமல் சில நொடி தடுக்கும் மருந்து) 6 மில்லிகிராம் எடுக்கச் சொன்னார். மருந்து போன சூட்டோடு 20 மில்லி சலைன் தள்ள வேண்டும், கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும், தாள் நிற்காமல் ஓட வேண்டும். நெஞ்சை ஒரு நிமிடம் அழுத்தும், பயப்படாதீங்கம்மா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாவம், மிரண்டுவிடுவார்கள். சில நொடி கியூஆர்எஸ் நின்றது. அந்த இடைவெளியில் ரம்பப் பல் மாதிரி வரிசையாக அலைகள், அச்சுப் பிசகாமல். கொஞ்ச நேரத்தில் மறுபடி 150. "ஃப்ளட்டரேதான்" என்றார் டாக்டர்.

அந்த ஸ்ட்ரிப்பைக் காலையில் முதல் வேலையாக ஜெராக்ஸ் எடுத்தேன். ஈசிஜி தாள் வெயில் பட்டால் கறுக்கும், வருடம் போனால் மங்கும், வீட்டில் பழைய ஈசிஜி வைத்திருப்பவர்களும் இன்றே ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை டெக்னீஷியன் அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கியவுடன் ஓரத்தில் வேகத்தைப் பார்த்தார், 25 என்று உறுதியானதும்தான் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் டிரெயினிங் ஆபீஸில் எட்டிப் பார்த்தேன். என் முதல் டெஸ்ட் தாள் இன்னும் "மேலே" இருக்கிறதாம்.