மூச்சடைத்த ஜெட் ஸ்கீ

ஐடிலில் நிற்கும்போது நன்றாகத்தான் உறுமுகிறது. த்ராட்டிலை அழுத்தினால் மூச்சடைத்து உட்கார்ந்துவிடுகிறது. என் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) பழைய இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். எல்லாரையும் போல நானும் முதலில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

அப்புறம்தான் புத்தி வந்து கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று, மீட்டர் வைத்துப் பார்த்தேன். பிளக் இரண்டையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். இரண்டு சிலிண்டரிலும் மீட்டர் முள் 125 பிஎஸ்ஐ-யில் (அழுத்த அளவு) நின்றது. அந்த எண் எவ்வளவு முக்கியமோ, இரண்டு சிலிண்டரும் ஒத்துப்போவதும் அவ்வளவு முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்ஜினைப் பிரிக்கும் வேலை வரலாம். தப்பித்தேன்.

சரி, அப்போ பெட்ரோல் வரும் வழியில்தான் கோளாறு. தண்ணீரில் இறக்கி, பெட்ரோல் வால்வை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பினேன். சீறிக்கொண்டு கிளம்பியது! ஆக, ‘ஆன்’ வழியில் அடைப்பு. வால்வைக் கழற்றி வாயால் ஊதினேன் (நீங்கள் செய்யாதீர்கள், நாள் முழுக்க நாக்கில் பெட்ரோல் வாடை). காற்று போகவே இல்லை. பழைய பெட்ரோல் குழாயை நீளவாக்கில் வெட்டினால் உள்ளே பச்சையாகப் பசை. கார்புரேட்டருக்குள் இருக்கும் குட்டி வலையிலும் அதே பசை கொஞ்சம் ஒட்டத் தொடங்கியிருந்தது. ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வலையை மறைக்கும் அந்த மூடியை மட்டும் நான் திறக்கவில்லை.